முனை மழுங்கும் பாறை

கடாரத்து உழைப்பு: பகுதி 17

சென்ற சில பகுதிகளாக ரப்பர் காட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தோம். பிரட்டுக்களம், பால் ஸ்டோர், லயன் வீடு என்று நிரை நிரையாக நடந்தாயிற்று. தோட்டம் என்றால் மரம் மட்டும்தானா? மரத்துக்குப் போகச் சாலை வேண்டும். பாலையும் ஷீட்டையும் ஏற்றிப்போக ரயில் வேண்டும். சாலைக்கும் ரயிலுக்கும் கல் வேண்டும். கல் வேண்டுமென்றால் யாராவது மலையில் துளை போட்டு வெடி வைத்தாக வேண்டும். ரப்பர் பால் வெட்டியவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். கல்லைத் துளைத்தவர்களைப் பற்றிப் பேசியது குறைவு. அந்தக் கடனை இந்தப் பகுதியில் தீர்ப்போம்.

பீடோங்கிலிருந்து மெர்போக் போகிறவர்களுக்கு வலப்பக்கம் கூடவே வருவது ஜெராய் மலை. உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். கெடாவின் சமவெளியில் எங்கே நின்றாலும் கண்ணில் படும் மலை அது. பழைய மாலுமிகள் கடலிலிருந்தே அதை அடையாளம் வைத்துக் கரை பிடித்தார்கள். அதன் நடுப்பகுதி கருங்கல். அதைச் சுற்றிக் குவார்ட்சைட்டும் அடுக்குப் பாறைகளும். புவியியலாளர்கள் அந்தச் சுற்றுப் பாறைகளைக் கேம்பிரியன் காலத்தவை என்கிறார்கள். அதாவது, சுமார் 50 கோடி ஆண்டு வயது.

அந்த மலையடியில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. மெர்போக்கில், ஓடைக்கரையில், புக்கிட் பத்து பஹாட் என்ற இடத்தில் கருங்கல்லால் எழுந்த கோயில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. 1930களில் தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் அகழ்ந்து பார்த்த இடம் அது. 1959–60 வாக்கில் அலாஸ்டெர் லாம்ப் அதை மீட்டுக் கட்டினார். ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்கு, அதாவது இந்தக் கெடாவுக்கு, வந்தது 1025-ல். கோயிலையும் சோழனையும் முடிச்சுப் போடுவதில் அறிஞர்களுக்குள் ஆயிரம் வழக்கு உண்டு. அந்த வழக்குக்குள் நாம் நுழையப் போவதில்லை. இந்தக் கருங்கல்லை மனிதன் உளியால் வசப்படுத்திப் பல நூற்றாண்டு ஆகிறது என்ற ஒரு செய்தி நமக்குப் போதும்.

ஜெராய் கல்லும் கேரியாங் கல்லும்

அலோர் ஸ்டாருக்கு வெளியே வயலுக்கு நடுவில் தனியாக நிற்கும் கேரியாங் மலையைப் பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்புக்கல். பாலிங் ஊரின் தலைக்கு மேல் நிற்கும் குன்றும் அப்படித்தான். துளை போடுகிறவனுக்குச் சுண்ணாம்புக்கல் ஒரு ரகம், ஜெராயின் கருங்கல் வேறு ரகம்.

பாறை இரண்டு விதமாக எதிர்க்கும். ஒன்று, அடிக்கு உடையாமல் நிற்பது. மற்றது, தன்னைத் தொடும் இரும்பை அராவித் தின்பது. சுண்ணாம்புக்கல் முதல் வேலையை ஓரளவு செய்யும், இரண்டாவதைச் செய்யாது. அதில் இருப்பது கால்சைட். பத்துப் படி கொண்ட மோஸ் அளவில் அதன் கடினம் 3. பேனாக்கத்தியால் கீறினால் கோடு விழும். கருங்கல்லில் இருப்பது குவார்ட்ஸ், கடினம் 7. அதைக் கத்தியால் கீறப் போனால் கத்திதான் கீறுபடும். உண்மையான கருங்கல்லில் குவார்ட்ஸ் ஐந்தில் ஒரு பங்காவது இருக்கும். குவார்ட்சைட்டோ பெரும்பகுதி குவார்ட்ஸேதான். ஆகவே ஜெராய் மாதிரி மலையில் இரும்பு முனை பாறையைத் தேய்க்கத் தேய்க்கப் பாறையும் முனையைத் தேய்க்கிறது. அதிலும் மோசம், உடைந்த தூள். அது துளைக்குள்ளேயே கிடந்தால் பாறைக்கும் முனைக்கும் நடுவில் அரைபட்டு, முனையின் பக்கங்களையும் தின்றுவிடும்.

கடினப் பாறையில் துளைமுனை நீடிக்க என்ன வழி? நூற்றைம்பது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். விடை மூன்று இடங்களில் கிடைத்தது. முனையின் உலோகத்தில், அதைத் திருப்பும் முறையில், தூளை வெளியே தள்ளுவதில். முதல் இரண்டையும் கம்பெனிகள் உற்சாகமாகத் தேடின. மூன்றாவதைத் தேட வைத்தது தொழிலாளியின் நெஞ்சு.

சம்மட்டியும் கம்பியும்

1909-ல் சயாம் கெடாவைப் பிரிட்டனிடம் விட்டுக்கொடுத்தது. அதற்குப் பிறகு இங்கே வேலைகள் வேகமாக நடந்தன. பட்டர்வொர்த் பக்கமிருந்து வந்த ரயில் பாதை 1915-ல் அலோர் ஸ்டாரைத் தொட்டது. 1918-ல் பாடாங் பெசார் போய்ச் சயாம் பாதையோடு சேர்ந்தது. மலாயாவின் ரயில் வேலையிலும் பொதுப்பணித் துறையின் சாலை வேலையிலும் கூலிகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய சரளைக்கல் முதல் தோட்டச் சாலையில் பரப்பிய ஜல்லி வரை எல்லாமே ஏதோ ஒரு மலையிலிருந்து வெடி வைத்துப் பெயர்த்தவை.

வெடி வைக்கத் துளை வேண்டும். தமிழ்நாட்டில் கிணறு வெட்டுகிறவர்கள் இதைத் தமர் அடிப்பது என்பார்கள். ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எஃகுக் கம்பியை நட்டுப் பிடிப்பான். இன்னொருவன் நின்றுகொண்டு சம்மட்டியால் கம்பித் தலையில் போடுவான். ஒவ்வொரு அடிக்கும் பிறகு உட்கார்ந்திருப்பவன் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். முழுச் சுற்றில் எட்டில் ஒரு பங்கு போல. திருப்பாவிட்டால் முனை போட்ட பள்ளத்திலேயே திரும்பத் திரும்ப விழும். துளை வட்டமாக வராது. கம்பி நடுவில் கவ்விக்கொள்ளும். கவ்விய கம்பியை எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். அடிப்பவன் பலசாலியாக இருந்தால் போதும், பிடிப்பவன்தான் தொழில் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

துளைக்குள் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவார்கள். தூள் குழம்பாகித் தளரும். நுனி வளைந்த கம்பியால் அதை வழித்து எடுப்பார்கள். ஊற்றாமல் விட்டால் சம்மட்டி அடி பாறையில் விழாது, தூளில் விழும்.

ஒரே கம்பியால் ஒரு துளையை முடிக்கவும் முடியாது. முதலில் குட்டையான கம்பி, முனை அகலமானது. அடுத்தது சற்று நீளம், முனை சற்றுக் குறுகல். அதற்கடுத்தது இன்னும் நீளம், இன்னும் குறுகல். காரணம் எளிது. குவார்ட்ஸ் முனையின் கூரை மட்டும் தேய்ப்பதில்லை, அகலத்தையும் தேய்க்கிறது. முதல் கம்பி அரை அடி இறங்குவதற்குள் அதன் அகலம் கொஞ்சம் குறைந்திருக்கும், துளையின் அடியும் அந்த அளவுக்குக் குறுகியிருக்கும். அதே அகலமுள்ள புதுக் கம்பியை இறக்கினால் நடுவழியில் சிக்கும். அதனால் கையால் போட்ட துளைகள் எல்லாம் மேலே அகன்று கீழே குறுகியே இருக்கும். பழைய குவாரிச் சுவர்களில் பாதித் துளை மிஞ்சியிருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மழுங்கிய கம்பிகள் கட்டுக் கட்டாக உலைக்குப் போகும். அங்கேதான் துளையின் தலையெழுத்து தீர்மானமாகும். ஆசாரி முனையைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து விரித்து, கூர் கூட்டி, தண்ணீரில் தோய்ப்பார். பிறகு உள்ளிருக்கும் சூடு முனைக்குப் படர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எஃகின் மேல் வைக்கோல் நிறம் வரும், பழுப்பாகும், ஊதாவாகும், நீலமாகும். எந்த நிறத்தில் மறுபடி தண்ணீருக்குள் வைக்கிறார் என்பதில் இருக்கிறது பதம். நிறம் வருமுன் நிறுத்தினால் முனை கண்ணாடி போல் கடினமாகி, கருங்கல்லில் நாலு அடிக்குச் சில்லுப் பெயரும். நீலம் தாண்டவிட்டால் இளகி, காளான் தலை போல் மடங்கும். வெப்பமானி கிடையாது, கண்தான் கருவி. ஒவ்வொரு பாறைக்கும் வேறு பதம் கேட்கும் என்பது அனுபவமுள்ள ஆசாரிக்குத் தெரியும். பிட் எனப்படும் துளைமுனையைச் செய்யும் இன்றைய தொழிற்சாலையில் உலோகவியலாளர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வதும் இதே கேள்விதான். கடினம் கூடினால் நொறுங்கும், உறுதி கூடினால் தேயும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது?

காற்று வந்தது, தூசும் வந்தது

1867-ல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். வெடி சுலபமாயிற்று, துளைதான் தாமதமாயிற்று. அழுத்தக் காற்றில் ஓடும் துளைக்கருவிகள் 1870களில் சுரங்கங்களுக்குள் நுழைந்தன. அமெரிக்காவில் சைமன் இங்கர்சால் 1871-ல் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சம்மட்டி அடிப்பவனின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. முனை மட்டும் அதே எஃகு முனை. இயந்திரம் வேகமாக அடித்ததால் முனையும் வேகமாகத் தேய்ந்தது.

கொலராடோவின் டென்வரில் ஜார்ஜ் லெய்னர் என்பவர் 1897 வாக்கில் ஒரு யோசனை செய்தார். கம்பிக்கு நடுவில் ஓட்டை விட்டு அதன் வழியாகக் காற்றைச் செலுத்தினால், தூள் தானாக வெளியே பறந்துவிடுமே! யோசனை பலித்தது. துளை சுத்தமாக இருந்தது, முனை பாறையை நேரே தொட்டது, வேகம் கூடியது. ஆனால் பறந்த தூள் முழுவதும் சுரங்கத் தொழிலாளியின் மூக்கில் ஏறியது. அவர்கள் அந்தக் கருவியைத் தொட மறுத்தார்கள். விற்ற கருவிகள் திரும்பி வந்தன. லெய்னர் மறுபடி உட்கார்ந்து, அதே ஓட்டை வழியாகத் தண்ணீரையும் அனுப்பினார். தூசு அடங்கியது. முனை குளிர்ந்தது. துளையும் கழுவப்பட்டது. தொழிலாளி வேண்டாம் என்று சொன்னதால்தான் முனைக்கு ஒரு நல்ல தீர்வு கிடைத்தது.

உலர்ந்த தூசு அடித்த கருவிகளுக்கு அமெரிக்கச் சுரங்கங்களில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: விதவையாக்கி. குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் படிந்தால் அங்கே தழும்பு கட்டும். மூச்சு வருடா வருடம் குறையும். சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு இன்றும் குணமாக்கும் மருந்து இல்லை. முனையைத் தின்கிற அதே குவார்ட்ஸ்தான் நெஞ்சையும் தின்கிறது.

இதைத் தமிழர்கள் அதிகம் பட்டு அறிந்த இடம் கோலார் தங்கவயல். மைசூர் மண்ணில், குவார்ட்ஸ் பாறை நரம்புகளுக்குள் தங்கம். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்த பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் அங்கே போனார்கள். அதே காலத்தில்தான் இன்னொரு கூட்டம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்தது. ஓர் ஊர்க்காரர்கள், இரண்டு திசை. 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலாருக்கு மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்றாயிற்று. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலாக 1947-ல் பதிவானதும் அங்கேதான். நோய் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது, பேர் வைத்ததுதான் அப்போது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.

கொன்யூ வெட்டு, 1943

கெடாத் தோட்டங்களின் கதையில் பாறை மிகக் கொடூரமாக நுழைந்தது ஜப்பானியர் காலத்தில். சயாம் மரண ரயிலைப் பற்றி ஒரு பகுதி முழுக்க முன்பே எழுதியாயிற்று. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் இரு முனையும் சேர்ந்தன. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகளும், அவர்களைப் போல் மூன்று நான்கு மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் அதில் மாட்டினார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் தோட்டத் தமிழர்களே அதிகம். சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார், பாடாங் பெசார் வழியாகத்தான் அந்த ரயில் பெட்டிகள் வடக்கே போயின. 1918-க்குள் தமிழ்க் கூலிகள் சரளைக்கல் கொட்டி முடித்த அதே பாதை.

அங்கே பாறை துளைத்த வேலையை மட்டும் இங்கே பார்ப்போம். கொன்யூ என்ற இடத்தில் மலையை வெட்டிப் பாதை விட வேண்டியிருந்தது. ஒரு வெட்டு சுமார் 450 மீட்டர் நீளம், 7 மீட்டர் ஆழம். இன்னொன்று சுமார் 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம். சுண்ணாம்புக்கல்லோடு குவார்ட்ஸும் கலந்த பாறை. ஆஸ்திரேலியக் கைதிகள் 1943 ஏப்ரல் 25-ல் தொடங்கினார்கள். பின்னால் பிரிட்டிஷ் கைதிகளும் தமிழ், மலாய்த் தொழிலாளர்களும் சேர்க்கப்பட்டார்கள். இரவில் மூங்கில் தீயின் வெளிச்சத்திலும் வேலை நடந்ததால் அந்த இடத்துக்கு நரக நெருப்புக் கணவாய் என்று பேர் விழுந்தது.

அங்கே பயன்பட்டது மேலே நாம் பார்த்த அதே முறைதான். ஒருவன் கம்பி பிடிக்க, ஒருவன் சம்மட்டி போட. அமெரிக்காவில் அழுத்தக் காற்றுக் கருவி வந்து எழுபது ஆண்டு ஆன பிறகு! கம்பரசரும் சில துளைக்கருவிகளும் வந்தது பிற்பாடு. தொடக்கத்தில் ஒரு ஜோடிக்கு நாளுக்கு ஒரு மீட்டர் துளை என்று கணக்கு வைத்தார்கள். பிறகு இரண்டாக்கினார்கள், மூன்றாக்கினார்கள். பாறை அதே பாறை, எஃகு அதே எஃகு. வயிற்றில் மட்டும் சோறு குறைந்தது. காலரா கூடியது. குவார்ட்ஸ் நரம்பு குறுக்கிட்டால் கம்பி சீக்கிரம் மழுங்கும், மீட்டர் கணக்கு நிறையாது, அடி விழும். முனை மழுங்குவது அங்கே பொறியியல் பிரச்சினை மட்டுமாக இருக்கவில்லை, முதுகில் விழும் மூங்கில் கழியாகவும் இருந்தது.

மழுங்கிய கம்பிக்குக் கொன்யூவில் உலை இருந்தது. கூர் கூட்டித் திருப்பித் தந்தார்கள். காலரா கண்டவனுக்கு ஆஸ்திரேலியர் முகாமில் ஒரு ராணுவ மருத்துவராவது இருந்தார். தோட்டத் தமிழனின் முகாமில் பெரும்பாலும் அதுவும் இல்லை. கைதிகளில் ஐந்தில் ஒருவர் இறந்தார் என்று கணக்கு உண்டு. தமிழர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. கெடாவில் பல லயங்களில் அந்தக் கணக்கு வாய்வழியாகத்தான் நிற்கிறது.

கெடா மண்ணிலேயே கிடந்த மருந்து

எஃகு முனையை இந்த இக்கட்டிலிருந்து விடுவித்த உலோகம் டங்ஸ்டன். வேடிக்கை என்னவென்றால், அதன் தாது கெடாவிலேயே கிடைத்தது. வடக்கே சயாம் எல்லையோரம், இன்று வட மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கும் சிந்தோக் பகுதி ஒரு காலத்தில் ஈய லம்பங்கள் (வெள்ளீயச் சுரங்கங்கள்) நிறைந்த இடம். அங்கே ஈயத்தோடு வுல்ஃப்ரம் என்ற டங்ஸ்டன் தாதுவும் வந்தது. பக்கத்துப் பேராக்கில், ஈப்போவுக்கு அருகே கிராமாட் பூலாய், 1930களில் ஷீலைட் என்ற டங்ஸ்டன் தாதுவுக்கு உலகப் புகழ் பெற்றது.

ஜெர்மனியில் ஓஸ்ராம் விளக்குக் கம்பெனியில் கார்ல் ஷ்ரோட்டர் 1923-ல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டங்ஸ்டனையும் கரியையும் சேர்த்த கார்பைடு பொடியைக் கோபால்ட்டோடு கலந்து, அழுத்தி, சூளையில் சுட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதே அதன் சாரம். விளக்குக்கு மெல்லிய டங்ஸ்டன் இழை இழுக்கும் அச்சுக்காக நடந்த தேடல் அது. க்ரூப் நிறுவனம் அதை 1920களின் நடுவில் விடியா என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. மோஸ் அளவில் ஏறக்குறைய 9, வைரத்துக்கு அடுத்த படி. குவார்ட்ஸால் அதை எளிதில் கீற முடியாது.

ஆனால் ஆசாரியின் பழைய சிக்கல் இங்கேயும் தலை தூக்கியது. கோபால்ட் குறைந்தால் முனை தேயாது, அடி தாங்காமல் வெடிக்கும். கோபால்ட் கூடினால் அடி தாங்கும், தேயும். உலோகம் கடைவதற்கு உதவிய கார்பைடு, பாறையில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் விழும் அடியைத் தாங்கச் சரியான கலவை கிடைப்பதற்கு 1940கள் வரை ஆயிற்று. ஸ்வீடனில் சாண்ட்விக் நிறுவனம் செய்த கார்பைடு முனைக் கம்பியும், அட்லாஸ் கம்பெனியின் இலகுவான துளைக்கருவியும், அதைத் தாங்கும் காற்றுக்காலும் சேர்ந்தபோது ஒரே ஆள் தனியாகத் துளைக்க முடிந்தது. போருக்குப் பிறகு உலகச் சுரங்கங்கள் அதை ஸ்வீடன் முறை என்று எடுத்துக்கொண்டன. உலைக்குக் கம்பிக் கட்டைச் சுமந்து திரிந்த பையன்களின் வேலை மெல்ல மறைந்தது.

சையோங் சுரங்கம்

அந்தக் கார்பைடு முனை உலகெங்கும் வழக்கமாகிவிட்ட காலத்தில்தான் கெடாவின் பெரிய பாறை வேலை தொடங்கியது. மூடா நீர்ப்பாசனத் திட்டம். உலக வங்கி 1965-ல் 4.5 கோடி அமெரிக்க டாலர் கடன் தந்தது. 1966-ல் வேலை தொடங்கி 1970-ல் முதற்கட்டம் முடிந்தது. இரண்டு அணைகள்: மூடா, பெடு.

திட்டத்தின் சூட்சுமம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மூடா அணைக்கு வந்து சேரும் மழை நீர் அதிகம், ஆனால் தேக்கும் இடம் சிறியது. பெடுவின் நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியது, ஆனால் நூறு கோடி கன மீட்டர் பிடிக்கும் பெரிய ஏரி. ஆகவே மூடாவில் சேரும் நீரைப் பெடுவுக்குத் திருப்பினால் போதும். நடுவில் மலை. அதைக் குடைந்து ஆறரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் சையோங் சுரங்கத்தை விட்டார்கள்.

துளை போட்டு வெடி வைத்துக் குடையும் சுரங்கத்தில் ஒரு சுற்று இப்படி நடக்கும்: முகப்புப் பாறையில் வரிசையாகத் துளைகள், வெடி, புகை வெளியேறக் காத்திருப்பு, கல் அள்ளுதல், மேற்கூரை தட்டிப் பார்த்தல், மறுபடி துளை. சுற்றில் எந்த இடத்தில் தாமதமானாலும் முழு வேலையும் நிற்கும். நடுத்துளையில் ஒரு முனை உடைந்தால், அதை மாற்றும் வரை மற்ற ஆட்களும் வண்டிகளும் சும்மா நிற்க வேண்டியதுதான். அதனால்தான் சுரங்கப் பொறியாளர்கள் முனையின் விலையைப் பார்ப்பதில்லை. ஒரு மீட்டர் துளைக்கு மொத்தம் என்ன செலவு என்று பார்ப்பார்கள். விலை குறைந்த முனையை அடிக்கடி மாற்றுகிறவர் கடைசியில் அதிகம் கொடுக்கிறார்.

சுரங்கத்தில் நீர் ஓடத் தொடங்கியதும் கெடா, பெர்லிஸ் சமவெளியில் சுமார் 96,000 ஹெக்டேர் நிலம் ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் வாய்ப்பைப் பெற்றது. அதை நிர்வகிக்க 1970-ல் மாடா ஆணையம் அமைந்தது.

திருச்செங்கோட்டுப் பாடம்

பாறை துளைப்பதில் இன்று தமிழ் பேசும் தலைநகரம் ஒன்று உண்டு, நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு. தமிழ்நாட்டின் முக்கால் பங்குக்கு அருகில் கடினப் பாறை. 1966–67-ல் பீகாரில் கடும் வறட்சி வந்தபோது யுனிசெஃப் விமானத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அடிக்கும் ஹேமரே துளையின் அடிக்குப் போகும் ரகம் அவை. பெல்ஜியத்தில் 1950களில் உருவான முறை. மேலிருந்து அடித்தால் கம்பி நீள நீள அடியின் பலம் வழியிலேயே கரையும், ஹேமரே முனைக்குப் பின்னால் இருந்தால் எத்தனை நூறு அடி ஆழத்திலும் அடி ஒரே அடி. மாதக்கணக்கில் நடந்த துளை ஓரிரு நாளில் முடிந்தது. திருச்செங்கோட்டுக்காரர்கள் அந்தத் தொழிலைக் கையிலெடுத்து, ரிக் வண்டிகளோடு இந்தியா முழுக்கவும் ஆப்பிரிக்கா வரையும் போனார்கள்.

அந்த ரிக்கின் பட்டன் பிட்டில் கார்பைடு, வட்டத் தலைப் பொத்தான்களாக எஃகு முகத்தில் பதிந்திருக்கும். அதைக் கருங்கல்லில் நீடிக்க வைக்கும் வழிகள் தொழிலில் பழுத்தவர்களுக்கு அத்துபடி. கடினமும் அராவலும் மிகுந்த பாறைக்கு உருண்ட தலைப் பொத்தான், கூர்த்தலை அல்ல. சுற்று வேகம் அதிகமானால் ஓரப் பொத்தான்கள் முதலில் தேயும், ஆகவே கடினப் பாறையில் மெதுவாகச் சுற்ற வேண்டும். துளையில் மேலேறும் காற்று விநாடிக்கு 15 மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் தூள் மேலே வராது, பிட்டு அதையே திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும். பொத்தானின் தலையில் தேய்ந்த தட்டை, அதன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் கழற்றிச் சாணை பிடித்து உருட்ட வேண்டும். கொத்தாத அம்மியில் மிளகாய் அரைக்கிற கதைதான் தட்டைப் பொத்தான். உடைப்பதற்குப் பதில் பாறையை மெருகேற்றும். அந்த உராய்வில் சூடேறி, பொத்தானில் பாம்புத் தோல் போன்ற வெடிப்பு விழும். வெடிப்பு விழுந்த பொத்தான் ஒன்று உடைந்து துளைக்குள் விழுந்தால், மற்ற எல்லாப் பொத்தானையும் அதுவே உடைத்துவிடும்.

கவனித்தீர்களா? திருப்புவது, தூளைத் தள்ளுவது, தேயுமுன் கூர் கூட்டுவது. கம்பி பிடித்து உட்கார்ந்திருந்தவனின் மூன்று வேலையும் அப்படியே இருக்கிறது. மாறியது உலோகமும் இயந்திரமும்தான்.

2010-க்கும் 2014-க்கும் நடுவில் தித்திவாங்சா மலைத்தொடரின் கருங்கல்லைக் குடைந்து பகாங்கிலிருந்து சிலாங்கூருக்கு 44.6 கிலோமீட்டர் நீர்ச் சுரங்கம் விட்டார்கள். அங்கே பாறையை உரசியவை பெரிய சுரங்க இயந்திரங்களின் வட்டத் தகடுகள். தகடு எத்தனை மீட்டருக்கு ஒருமுறை தேய்கிறது என்ற கணக்கு அங்கேயும் வேலையின் வேகத்தைத் தீர்மானித்தது. கருங்கல்லுக்கு எந்த நூற்றாண்டு என்று தெரியாது.

இன்று கெடாவின் குவாரிகளில் வேலை செய்கிறவர்களில் தமிழர் குறைவு, வெளிநாட்டுத் தொழிலாளர் அதிகம். அவர்களின் துளைக்கருவியில் தண்ணீர் ஓடுகிறதா, தூசு உறிஞ்சும் குழாய் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய கடமை, அந்தத் தூசைக் கோலாரிலும் கொன்யூவிலும் சுவாசித்த சமூகத்துக்கு உண்டு. தூசை அடக்கும் ஏற்பாட்டை முதலாளிகள் செலவுக் கணக்கில் எழுதுவார்கள். லெய்னரின் காலத்திலிருந்தே அது பிட்டின் ஆயுளையும் சேர்த்துக் கூட்டித் தந்திருக்கிறது. ஆகவே முதலாளியிடம் பேசும்போது மனிதாபிமானத்தோடு லாபக் கணக்கையும் எடுத்து வைக்கலாம். இரண்டும் ஒரே பக்கம் சாய்கிற அபூர்வமான விவகாரம் இது.

கொன்யூவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பழைய தோட்டத்துக்கே வந்தார்கள். ஆனால் வந்தவர்கள் பழைய ஆட்கள் இல்லை. துரைக்குக் குனிந்து கும்பிட்ட முதுகு நிமிர்ந்திருந்தது. 1946–47-ல் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடையை எதிர்த்து எழுந்த தொண்டர் படையின் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)